ஒரே சஹனில் இரண்டு நாட்டார்

காஜா பெராங், மலாக்கா
12-11-1966

அன்புள்ள ஜொகராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? நான் சுகம்.

இந்தோனேசியாவோடு இந்த நாட்டுக்கு இருந்த சண்டை ஓய்ந்ததும் சுமத்ராவிலிருந்து ஒரு பந்தாட்டக் குழு இங்கே விளையாட வந்தது. விருந்து எங்கள் சாப்பாட்டுக்கடையில். நான் நம்மூர் வழக்கப்படி ஒரு சஹனுக்கு நாலு பேராக, ஒரே பெரிய தட்டில் சேர்ந்து சாப்பிட, இரண்டு நாட்டாரையும் கலந்து உட்கார வைத்துவிட்டேன். தனித்தனி மேசை போடச் சொல்லி, விருந்தை மேற்பார்க்க வந்த அதிகாரியின் உத்தரவாம்! யாரும் சோற்றைத் தொடவில்லை. கடைசியில் சுமத்ராக் குழுவின் கோல்கீப்பர் ஒரு கறித்துண்டை இந்த ஊர் ஆட்டக்காரர் பக்கம் நகர்த்தினார். பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள்.

ஆனாலும் அந்த அதிகாரி திங்கட்கிழமை என்னை வேலை பெர்மிட்டோடு வரச் சொல்லியிருக்கிறார். ஊருக்கே கப்பலேற்றிவிடுவார்களோ? நீ பயப்படாதே. கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு.

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பார்கள். நாலு வருஷமாகத் தனித்தட்டில் சாப்பிடுகிறேன் என்றா சொல்வது?

உன்
மீரான்