லைப்ரரியில் எழுந்து நின்றேன்

எடிசன், மார்ச் 1998

அன்புள்ள ப்ரியாவுக்கு,

நீயும் மாமா, அத்தையும் நலம்தானே? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

நேற்று லைப்ரரியில் வயதான செனட்டர் ஒருவர் பேசினார். "நான் கொண்டுவந்த நல்ல சட்டமெல்லாம் யாரோ எழுந்து கேட்டதால வந்தது. யாரும் கேட்காத அநியாயம் அப்படியே கிடக்கு" என்றார். பேசிவிட்டு என் பக்கமாக நடந்து வந்தபோது, பெரியவராயிற்றே என்று பழக்கத்தில் எழுந்துவிட்டேன். கேள்வி கேட்கத்தான் எழுந்தேன் என்று நினைத்து மைக்கை நீட்டினார்.

கேள்வி இருந்தது. கிரீன் கார்டு வாங்கியவன் மனைவியை அழைத்துவர ஏன் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்? எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "நத்திங் சார்" என்று உட்கார்ந்துவிட்டேன்.

ரசப்பொடிக்கு அளவு எழுது. நான் அரைத்தது கசக்கிறது.

தபால் வண்டி வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் கேட்டிருப்பாய். நீ இங்கே இருந்திருந்தால் கேட்கவே வேண்டியிருந்திருக்காது.

உன்,
செழியன்