காலியாகத் திரும்பி வந்த டப்பா

சிதம்பரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் இளவரசுக்கு அப்பா எழுதிக்கொள்வது. சிங்கப்பூரில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் இங்கே நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை ஓடவில்லை. நான் நலம், உன் அம்மா முக்கால் நலம் என்று வைத்துக்கொள். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், "புள்ளகிட்ட ஒண்ணும் ஒளறிக் கொட்டாதீங்க" என்று கையைக் கிள்ளுகிறாள். அதனால்தான் அவள் தூங்கும் மத்தியான நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்தாவதில் தமிழ் ஒன்றில் மட்டும் பாசானவன் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

சாலட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை ஏறுகிறது, துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை, மத்தியானம் சோற்றைக் குறைத்துப் பச்சைக் காய்கறி கட்டிக் கொடுங்கள் அப்பா என்று நீ வீடியோ அனுப்பினாய். முட்டி போய் மினி பஸ் கண்டக்டர் வேலையை விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருந்தவனுக்கு அது பெரிய பதவி கொடுத்த மாதிரி இருந்தது. முதல் நாள் வெள்ளரிக்காயை நறுக்கிக் காலையிலேயே உப்பைப் போட்டுக் கட்டிவிட்டேன், மத்தியானம் திறந்தால் டப்பாவில் கொள்ளிடம் ஓடியதாம். பிறகு தேறிவிட்டேன். முளை கட்டிய பச்சைப் பயறும் வேகவைத்த கொண்டைக்கடலையும் அடியில், அதன் மேல் கேரட்டும் ஈரம் துடைத்த வெள்ளரியும், கொத்தமல்லித் தழை உச்சியில், எலுமிச்சைச் சாறும் உப்பும் மட்டும் தனியாக, கழுவிக் காயவைத்த இருமல் மருந்து பாட்டிலில். தின்னும்போது ஊற்றிக் குலுக்கிக்கொள்ள வேண்டியது. மாதுளை முத்தை மேலே பூப்போல வைத்துப் படம் பிடித்து உனக்கு அனுப்புவேன், நீயும் உடனே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாய். அந்தக் கட்டைவிரலுக்காகவே காலையில் ஐந்து மணிக்கு எழுந்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். டப்பா தினமும் காலியாகத் திரும்பி வந்தது. நம் வீட்டில் டப்பா காலியாக வந்தால் சாப்பிட்டாச்சு என்றுதானே அர்த்தம், நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அப்படித்தானே பார்த்தோம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது மனதைத் திடப்படுத்திக்கொள். போன மாதக் கடைசியில் அம்மாவின் இடது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். புதுச் செருப்பு கடித்த புண், அதைப் புடவைக் கரைக்குள் மறைத்துக்கொண்டு மூன்று வாரம் கடையில் நின்றிருக்கிறாள். விரல் கறுத்த பிறகுதான் எனக்கே தெரியும், ஒரே வீட்டில் இருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி பதினொன்றுக்கு மேலே நிற்கிறது, என்னதான் சாப்பிடுகிறார்கள் என்று டாக்டர் கேட்டார். உன் அப்பன் என்ன செய்தான் தெரியுமா, போனை எடுத்து அத்தனை சாலட் படத்தையும் வரிசையாகத் தள்ளிக் காட்டினான். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "படமெல்லாம் நல்லா புடிச்சிருக்கீங்க" என்றார்.

மறுநாள் அம்மாவோடு வேலை பார்க்கும் லால்பேட்டை ஆசியா உம்மாள் பார்க்க வந்தாள். நல்ல பெண், கையில் ஆப்பிளோடு வந்து கண் கலங்கினாள். போகும்போது என்னிடம், "அண்ணே, ஒங்க கைப்பக்குவம் யாருக்கும் வராதுண்ணே, நீங்க குடுத்தனுப்புற சாலட்ட நாங்க அஞ்சு பேரும் அடிச்சிப் புடிச்சித் தின்னுடுவோம், பாவம் அக்காதான் எங்க சோத்த வாங்கித் தின்னும்" என்றாள். முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது, அதுதான் கேவலம். அவள் படி இறங்கிப் போன பிறகுதான் உறைத்தது. கடையில் ஆறு பெண்களும் வட்டமாக உட்கார்ந்து, யார் டப்பாவைத் திறந்தாலும் சுற்றி எல்லாருக்கும் வைத்துவிட்டுத்தான் தின்பார்களாம். சாலட் ஒரு சுற்றிலேயே தீர்ந்துவிடும், இவளுக்குப் புளிச்சோறும் உருளைக்கிழங்கும் வந்து சேரும். மாதக்கணக்கில் நான் அந்தத் துணிக்கடைக்குத்தான் வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கத்திவிட்டேன். அவள் அழவில்லை. "நாலு பேரு நடுவுல நான் மட்டும் டப்பாவ மூடி வெச்சிக்கிட்டுத் தின்னா எறங்குமா? எனக்குத் தழையக் கட்டிக் குடுத்துட்டு நீங்க வீட்ல மீன் கொழம்பு ஊத்தித் தின்னீங்களே, ஒரு நாளு என் எதிர்ல ஒக்காந்து அதத் தின்னுருப்பீங்களா?" என்றாள். குழம்புச் சட்டி என்னை அவளிடம் காட்டிக் கொடுத்திருக்கிறது.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. இரண்டரை வருஷமாக நீ வரவில்லை, வந்தது வீடியோதான். வாடிப்போன கீரையை எப்படித் திரும்ப நிமிர வைப்பது என்றுகூட அனுப்பினாய். லீவு கிடைக்காது என்பாய், தெரியும், அதனால் வா என்று கேட்கவில்லை. நீ நிரம்பிய டப்பாவைப் பார்த்தாய், நான் காலி டப்பாவைப் பார்த்தேன், அவள் காலை இரண்டு பேரும் பார்க்கவில்லை. சர்க்கரை இறங்காவிட்டால் பாதம் வரைக்கும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இப்போது இரண்டு தட்டில் போட்டு எதிரெதிரே உட்கார்ந்து தின்கிறோம். பச்சைப் பயறு எவ்வளவு நேரம் மெல்ல வேண்டியிருக்கிறது என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது, மாடு எப்படித்தான் சிரித்த முகமாக இருக்கிறதோ. புண் ஆறியதும் கடைக்குப் போயே தீருவேன் என்கிறாள். போனால் ஆறு பேருக்கும் சேர்த்துப் பெரிய தூக்குவாளியில் கட்டப் போகிறேன், அன்றைக்கு யாரும் சோறு கொண்டுவரக் கூடாது என்று ஆசியா உம்மாளிடம் சொல்லியாகிவிட்டது. போன விரல் அதனால் முளைத்து வராது.

நீயும் வெளியில் கண்டதைத் தின்னாதே, இந்தச் சர்க்கரை உனக்கும் சொத்தாக வரும். தில்லை நடராஜர் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார், நல்லா இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த தடவை கூப்பிடும்போது டப்பாவைக் காட்டச் சொல்லாதே. காலைக் காட்டச் சொல். போனை முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டு பேச்சை மாற்றுவாள், விட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
தேவநாதன்