எட்டு மாதக்காரி கடல் கடந்தாள்

மச்சான்,

என் சட்டைக் கையில் இன்னும் கீழ்காய்நெல்லி மணக்கிறது. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். இருந்து என்பதும் பொய்தான். நாலு வரிக்கு ஒருமுறை எழும்பி நடக்கிறேன். உள்ளே கிடப்பவள் உன் மகள்.

நேற்றுக் காலை அனலைதீவில் அவளைப் பார்க்கப் போனேன். புருஷன் கொழும்புக் கடையில். இவளுக்கு முகம் பூசணிக்காய் மாதிரி ஊதி, கண் மஞ்சளித்திருந்தது. தலையிடி வேறு. வலது விலாவுக்குக் கீழே கையால் அமத்திக்கொண்டு, "சாப்பாடு செமிக்கேல்லை மாமா" என்றாள். மாமியார் கீழ்காய்நெல்லிச் சாறு வடித்துக்கொண்டிருந்தா.

"செங்கமாரிதானே, பத்தியத்தில இறங்கிடும்" என்றா, வெறும் மஞ்சள் காமாலை என்ற நினைப்பில்.

எனக்குக் கால் தரிக்கவில்லை. என் தங்கச்சிக்கு, உன் பெண்சாதிக்கு, இவளைச் சுமந்தபோது இதே வீக்கம், இதே மஞ்சள், இதே விலா நோ. நாங்களும் சாறு கொடுத்தோம், பத்தியம் காத்தோம். எட்டு மாதக்காரி கடல் கடக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். வலிப்பு வந்த பிறகுதான் வள்ளம் இறக்கினோம். பிள்ளையை உன் கையில் தந்தார்கள், அவளைத் தரவில்லை. "நோவுக்கு ஒரு பேரை வைச்சுப்போட்டுச் சும்மா இருந்திட்டமடா" என்று நீ சாகும்வரை சொன்னாயே.

இப்போதும் அதே பேச்சு. "எட்டு மாசம். கடல்காத்துப் படக் கூடாது."

"அக்கா, நான் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில மூண்டு மாசம் இருந்தனான். உதெல்லாம் தெரியும். இது செங்கமாரி இல்லை."

இருந்தது உண்மைதானே மச்சான், கால் முறிந்து கிடந்தேன்.

"நீர் எப்ப டொக்டர் ஆனீர்?" என்றா மாமியார், கிண்ணத்தை நீட்டியபடி.

என் கை பட்டுக் கிண்ணம் கவிழ்ந்தது. பட்டதா, தட்டினேனா, அது இருக்கட்டும். அவ அடுத்த சொல் எடுக்கமுன் பிள்ளையை வள்ளத்தில் ஏற்றிவிட்டேன்.

பனை உயர அலை. நீ இருந்தால் குறைப்பாய். சரி, வடலி உயரம். இந்தத் தீவுப்பக்கத்தில் என்னை விட்டால் வேறு ஆர் ஓட்டியிருப்பான்?

நடுக்கடலில் கேட்டாள்: "மாமா, அம்மாவும் இப்பிடித்தான் போனவவோ?"

தாய் சிரித்துக்கொண்டே போனாள், மீன்கள் துள்ளி மடியில் விழுந்தன என்று சின்ன வயதில் அவளுக்கு எவ்வளவு அளந்திருப்பேன். அந்த நேரம் உள்ளதைத்தான் சொன்னேன்.

"அவ பிந்திப் போனவ, பிள்ளை. நீ வேளைக்குப் போறாய்."

டொக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "பிறசர் கூடி ஈரலைத் தாக்கியிருக்கு. பிள்ளையை இப்பவே வெளியில எடுத்தால்தான் தாய்க்குச் சுகம் வரும். ஆர் கூட்டிவந்தது?" நெஞ்சை நிமிர்த்தினேன். "நல்ல வேளை," என்றார். இந்த இரண்டு சொல்லை ஊரில் ஒரு மணித்தியாலம் சொல்வேன்.

உன் பேரன் பிறந்துவிட்டான். என் உள்ளங்கையில் அடங்குவான், அழுகையோ கோயில் சங்கு. தாய்க்குத்தான் ஈரல் இன்னும் தணியவில்லையாம், பொறுத்துப் பார்க்கவேண்டுமாம். பொறுக்கிற ஆளா நான்?

இப்போதுதான் நேர்ஸ் வந்தா. "தாய்க்குக் கண் மஞ்சள் கொஞ்சம் வெளுத்திருக்கு, ஐயா. போய்ப் படுங்கோ."

ஒரு ஆளைத் தேற்ற எவ்வளவு கூட்டிச் சொல்லலாம் என்று எனக்குத் தெரியாதா, மச்சான்? அந்தக் கதவு திறக்கட்டும். அவள் கண்ணை நானே பார்க்கவேணும்.