செவ்வாய்க்கிழமை கிளம்பாத வண்டி

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் கிளம்பவில்லை. பொத்தானை அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. ஸ்போர்ட்ஸ் காராம், முந்நூற்று எழுபது குதிரை சக்தியாம். ஒரு குதிரைகூடக் கனைக்கவில்லை.

வாடகை வண்டி பிடித்து டயாலிசிஸ் யூனிட்டுக்குள் நுழையும்போது ஆறு ஐம்பது. ஆறு மணிக்கு முதல் ஷிஃப்டைத் தொடங்க வேண்டியவள் நான். இயந்திரங்களைக் கழுவித் தயார் செய்ய என்னை விட்டால் அந்த நேரத்தில் வேறு ஆள் இல்லை. அதுவும் செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை வந்துபோனவர்களுக்கு அடுத்த முறை இன்றுதான். இடையில் குடித்த தண்ணீரெல்லாம் உடம்பிலேயே நிற்கும். வாரத்திலேயே அவர்களுக்கு அதிகம் மூச்சு வாங்கும் நாள்.

நான்காம் நாற்காலிக்காரர் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நாலு கிலோ ஏறியிருந்தது.

“உன் காரு லீவு எடுத்துக்கும். என் மூச்சுக்கு யாரும்மா லீவு கொடுப்பாங்க?”

 ஊசியைப் போட்டேன்.

மார்ச் 4, புதன்

பக்கத்து வீட்டுக்காரர் தன் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்பிவிட்டார். வேலை முடிந்து நேராகச் சர்வீஸ் சென்டர்.

“சார் வரலியா மேடம்?”

“எந்த சார்?”

“இல்ல... வண்டியப் பத்திப் பேசணும்...”

“சார் போயி ஆறு வருஷமாச்சு. என்கிட்டயே பேசுங்க.”

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சார்ஜரில் போட்டுச் சோதித்தார்கள். பேட்டரி நன்றாக இருக்கிறதாம், வண்டியில் ஒரு குறையும் இல்லையாம். கிளம்பும்போது அறிவுரை இலவசம்: “இதெல்லாம் தினமும் ஓட்டற வண்டி இல்ல மேடம். ஞாயித்துக்கிழமை வண்டி.”

ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவே எனக்கு நேரம் போதவில்லை.

மார்ச் 5, வியாழன்

கிளம்பியது. ஒன்றுமே நடக்காததுபோல. வெட்கங்கெட்ட வண்டி.

மார்ச் 8, ஞாயிறு

மகன் வந்தான். காபி ஆறுவதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

“நான் அப்பவே சொன்னேன்லம்மா. வித்துடு. சின்னதா ஒண்ணு வாங்கிக்கோ, நம்பிப் போயிட்டு வரலாம். இந்த வயசுல உனக்கெதுக்கு இவ்வளவு வேகம்?”

எனக்கு ஐம்பத்திரண்டு. இருபத்து மூன்று வருடம் அவன் அப்பாவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பிரேக் இல்லாத இடத்தில் காலால் பிரேக் போட்டவள். போன நவம்பரில்தான் முதல்முறையாக எனக்கென்று ஒன்று வாங்கினேன். ஏழு வருடப் பழசு, கருநீலம். விடியற்காலையில் பாலத்தின்மேல் ஆள் இல்லாதபோது அது மூன்றாவது கியரில் ஒரு மூச்சு இழுக்கும் பாருங்கள் — யாரைப் பார்க்கச் சொல்கிறேன்? இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் ‘அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு’ என்பான்.

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்து அம்மாளும் வண்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டுவிட்டாள், “டாக்டர் ஆயிட்டீங்களா?” என்று. வேகத்தடை ஒவ்வொன்றிலும் வண்டியின் அடிவயிறு உரசுகிறது. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டேனோ?

மார்ச் 10, செவ்வாய்

டிக்.

பேருந்து. பிறகு ஓட்டம். ஆறு இருபத்தைந்து. லாரிக்காரர் இன்று பேசும் நிலையில் இல்லை. ஆக்சிஜன் வைத்துத்தான் இயந்திரத்தில் போட்டேன். ஊசியை இரண்டாம் முறை குத்த வேண்டியதாயிற்று. பதினொரு வருடத்தில் எனக்கு இப்படி நடந்ததே இல்லை.

பெரிய டாக்டர் அறைக்குள் கூப்பிட்டார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, மெதுவாகப் பேசினார். “இன்னொரு தடவை நடந்தா முதல் ஷிஃப்ட வேற ஆளுக்குக் கொடுத்துடறேன். தப்பா நினைச்சுக்காதீங்க.”

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது, அவர் சொன்னதுதான் நியாயம். விற்றுவிடுகிறேன். போதும்டா சாமி.

மார்ச் 12, வியாழன்

விற்பதற்கு முன் வண்டி எந்தெந்த நாள் கிளம்பவில்லை என்று டைரியைப் புரட்டி எழுதி எடுத்தேன். நோயாளிகளின் எடையைக் குறித்துக் குறித்துப் பழகிய கை, தேதிகளை வரிசையாகப் போட்டது. ஜனவரி 27. பிப்ரவரி 10, 17. மார்ச் 3, 10. அத்தனையும் செவ்வாய். எனக்கு ஞாயிறும் திங்களும் விடுமுறை; இரண்டு நாள் வண்டி நிற்கிறது. நடுவில் இரண்டு திங்கள் இன்னொருவருக்குப் பதிலாக வேலைக்குப் போனேன் — மறுநாள் ஒழுங்காகக் கிளம்பியிருக்கிறது. நவம்பர், டிசம்பரில் ஒருநாள்கூடத் தகராறு இல்லை.

லாரிக்காரரிடம் சொன்னேன். இன்று தெளிவாக இருந்தார். 

“நிக்கிற வண்டியில கரண்டு எங்கயோ போகுதும்மா. பேட்டரிய மாத்தி என்ன பண்ண? வீட்டுக்குள்ள திருடன வெச்சுக்கிட்டுப் பூட்ட மாத்துற மாதிரி.” தனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனின் முகவரியைச் சொன்னார். “மொதல்ல அத பாரு. எனக்கு நீதான் ஊசி போடணும். புதுசா வர்ற பொண்ணு என் கைய சல்லடையாக்கிடும்.”

மார்ச் 14, சனி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

எலக்ட்ரீஷியன் அதிகம் பேசாத ஆள். தகரக் கூரைக்கடியில் வண்டியைப் பூட்டிவிட்டு ஒரு மணி நேரம் சும்மா நிற்கவைத்தான். பிறகு மீட்டரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்த்தான். 

“பூட்டினதும் வண்டி தூங்கணும்க்கா. இது தூங்கல. எதுவோ எழுப்பிக்கிட்டே இருக்கு.”

ஸ்டீயரிங்குக்குக் கீழே பலகையைக் கழற்றி, கையை முழங்கைவரை விட்டு, தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியை வெளியே எடுத்தான். சிவப்பாக ஒரு விளக்கு சிமிட்டியது.

“இது நீங்க வெச்சதா?”

“என்னது இது?”

“வண்டி எங்க இருக்குன்னு போன்ல காட்டும்க்கா. இதான் கரண்ட குடிக்குது.”

இணைப்பை உருவினான். விளக்கு அணைந்தது. திருடர்கள் யாராவது வைத்திருப்பார்களா, போலீஸுக்குப் போகலாமா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. மகன்.

“அம்மா! எங்க இருக்க? வண்டிக்கு என்னாச்சு? திடீர்னு கட் ஆயிடுச்சு—”

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

 எலக்ட்ரீஷியன் எழுந்து கை கழுவப் போய்விட்டான். நல்ல மனிதன்.

மார்ச் 15, ஞாயிறு

ஜனவரியில் ஒரு ஞாயிறு, ‘கழுவிக் கொண்டுவர்றேம்மா’ என்று சாவியை வாங்கிப் போனானே. எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! ஊரெல்லாம் சொன்னேன், என் பிள்ளை என் வண்டியைக் கழுவினான் என்று.

வேலியே பயிரை மேய்ஞ்சா யார்கிட்ட போய்ச் சொல்றது? வெச்சதும் அவன், ‘நான் அப்பவே சொன்னேன்’னு சொன்னதும் அவன். நான் என்ன ஓடியா போயிடுவேன்? எங்க போறேன் நான் — ஆஸ்பத்திரி, வீடு, மளிகைக் கடை. இத பாக்க ஒரு மெஷினு! ஒரு மனுஷன் மூச்சு விட முடியாம உக்காந்திருந்தாரே, அது அவன் போன்ல தெரிஞ்சுதா?

மார்ச் 16, திங்கள்

ஐந்து முறை அழைத்தான். எடுக்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

கிளம்பியது. முதல் அழுத்தலிலேயே. ஐந்து ஐம்பதுக்கு யூனிட்டைத் திறந்தேன்.

இவ்வளவு நாள் இதையல்லவா திட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 19, வியாழன்

ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் வண்டிமேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். சவரம்கூடச் செய்யவில்லை. உள்ளே உட்காரச் சொன்னேன். வெளியே நின்று கத்தினால் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்.

கத்தினேன். எல்லாம் சொன்னேன். லாரிக்காரரைப் பற்றி, டாக்டர் சொன்னதைப் பற்றி. பேட்டரி தீரும் என்று தெரியாதாம். தெரிந்திருந்தால் எடுத்திருப்பானாம்.

“தெரியலன்னா? என்கிட்ட கேட்டிருக்கலாம்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?”

ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினான், திரும்ப ஏற்றினான்.

“அப்பா போன அன்னிக்கு அவரு போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சும்மா. எடுக்கல. நீ வேலையில இருந்த. நான் பைக்க எடுத்துட்டு அஞ்சு மணி நேரம் தேடினேன். கடைசியில ரோட்டோரமா கார நிறுத்தி, சீட்ட சாச்சுப் படுத்திருந்தாரு. தூங்கறார்னு நெனச்சு கண்ணாடியத் தட்டினேன்.”

மாரடைப்பு என்று தெரியும். காருக்குள் என்று தெரியும். கண்ணாடியைத் தட்டியது தெரியாது. அப்போது அவனுக்கு இருபத்தொன்று. அந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை. இந்த ஆறு வருடமும் மற்றவர்களுடைய ரத்த அழுத்தத்தை மட்டும் அரை மணிக்கு ஒருமுறை பார்ப்பவள்.

கோபம் போய்விட்டதா? இல்லை. போகவில்லை என்று அவனிடமும் சொன்னேன். கைப்பையிலிருந்து பெட்டியை எடுத்து அவன் மடியில் போட்டேன்.

“பயமா இருந்தா என்கிட்ட சொல்லு. வண்டிகிட்ட சொல்லாத.”

தலையாட்டினான். வழியில் இறக்கிவிட்டேன். பாலத்தின்மேல் வேகம் எடுக்கவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

கிளம்பியது. லாரிக்காரர் தன் பேரனிடம் ‘காரை ரிப்பேர் பண்ணதே நான்தான்’ என்று போனில் அளந்துகொண்டிருந்தார். அளந்துகொள்ளட்டும்.

ஏப்ரல் 8, புதன்

மகன் போன் செய்தான். நாளை வேலை விஷயமாக வெளியூர் போகிறானாம், ஐந்து பத்துக்கு ரயில். ஒன்றைச் சுற்றி வளைத்து, மென்று முழுங்கிக் கடைசியில் கேட்டான். 

“அந்நேரத்துக்கு வாடகை வண்டிய நம்ப முடியாதும்மா. நீ வந்து விட்டுடறியா?”

‘வித்துடுன்னு சொன்ன வண்டியாச்சே’ என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். “நாலரைக்கு வாசல்ல நில்லு. நின்னு ஹார்ன் அடிக்க மாட்டேன்” என்றேன்.

ஏப்ரல் 9, வியாழன்

நாலரைக்கு வாசலில் நின்றான். பெட்டி பின்னால் நுழையவில்லை, மடியில் வைத்துக்கொண்டான். பாலம் வந்ததும் கதவுப் பிடியைப் பிடித்தான், பிடித்தபடியே, “இந்தச் சத்தமாம்மா உனக்குப் பிடிக்கும்?” என்று கேட்டான். “ஆமா” என்றேன். 

ஸ்டேஷன் வாசலில் அந்தப் பள்ளத்து இருக்கையிலிருந்து பெட்டியோடு எழுந்துகொள்ள அவன் பட்ட பாடு! இருபத்தேழு வயதுக்காரன். கதவைச் சாத்துமுன் குனிந்தான். “போனதும் ஒரு...” என்று ஆரம்பித்து, சொல்லாமல் விட்டுவிட்டான்.

“ரயிலப் பிடிடா மொதல்ல. பின்னாடி ஹார்ன் அடிக்கிறான் பாரு.”

ஐந்து முப்பத்தைந்துக்கு யூனிட்டைத் திறந்தேன். விளக்குகளைப் போட்டு, இயந்திரங்களுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். கையுறை மாட்டிக்கொள்வதற்கு முன் போனை எடுத்து ‘வந்துட்டேன்’ என்று அனுப்பினேன். அவன் கேட்கவில்லை.