பெருநாளுக்குப் பிந்தைய வருமானம்

நம் மகன் லைத்தின் தந்தைக்கு,

அடுப்பில் பருப்புக் கஞ்சி இருக்கிறது. பிற்பகல் அஸர் தொழுகைக்குப்பின் மருத்துவர் ஸுஹ்தி, தம் பல் மருத்துவமனையை உங்களுக்கு விற்கும் பத்திரத்தோடு வருவார், கையெழுத்திடாதீர்கள். அவர் காட்டிய வருமானம் நோன்புப் பெருநாளை அடுத்த இரு மாதங்களுக்குரியது. நோன்பு முழுதும் பல்வலியைப் பொறுத்திருந்த ஊர் அப்போதுதான் அவர் வாசலில் திரளும். அதை வைத்தே ஆண்டு வருமானத்தைக் கணித்து, நாற்பதாயிரம் தினார் நியாயவிலை என்கிறீர்கள். நேற்று நான் இதைச் சொன்னதற்கு, "பழைய அரபுக் கவிதை படிக்கிறவளுக்குப் பல்லு வியாபாரம் என்னம்மா தெரியும்?" என்று சிரித்தீர்கள். நோன்பு மாதக் கணக்கையும் கேளுங்கள்.

அவருக்குத் தேநீரே கொடுங்கள். காபி வைத்தால், ஒன்றைக் கேட்டு வரும் விருந்தாளியின் வழக்கப்படி, நீங்கள் இசையும்வரை கோப்பையைத் தொடமாட்டார். ஆறிப்போகும் காபியைக் கண்டு வெட்கியே இசைந்துவிடுவீர்கள்.

ரபாப்

பி.கு.: காபித்தூளை ஒளித்துவிட்டேன். விலைக்காக நீங்கள் கேட்ட, திருமணத்தில் எனக்கு மஹராகத் தந்த நகைப்பெட்டியின் சாவியையும் ஒளித்தேன். வாசல்வரை சென்றவள், மனம் கேளாமல் திரும்பிவந்து சாவியை மட்டும் இச்சீட்டின்மேல் வைத்திருக்கிறேன்.