கறுவலும் சுட்டியும் வீட்டுக்குள்ளேதான்

8 யூலை 2006, சனி
தொட்டி மூடியைத் திறந்து பார்த்தேன். மழைத்தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. லா ஷோ-து-ஃபோன் நகரத்துக்கு மேலே இந்த மேட்டில் ஆறுமில்லை, ஊற்றுமில்லை. வானம் தந்தால்தான் உண்டு. பென்ஷன் எடுத்தால் ஓய்வு என்று யார் சொன்னது? கடிகாரத் தொழிற்சாலையில்கூட இவ்வளவு வேலையில்லை.

என் நாய் கறுவலை ஸ்பெயினில் யாரோ வேட்டைக்கு வைத்திருந்து, அடித்துத் துரத்தியிருக்கிறார்கள். கூட்டுகிற தும்புத்தடியைக் கண்டால் இன்னும் மேசைக்கடியில்தான். மற்ற நாய் சுட்டிக்கு மூன்று கால். இரண்டையும் நாய்க் காப்பகத்திலிருந்து கூட்டிவந்தவர் என் மனிசன். அவர் போய் வருசமாகப் போகிறது.

11 யூலை
மகன் சயன் ஓர்லிகோனிலிருந்து ஃபோன் எடுத்தான். 29ஆம் திகதி அப்பாவின் முதல் வருச ஆட்டைத் திவசம். பெரியப்பா, அதுதான் இவரின் தமையன் சண்முகலிங்கம் அண்ணை, சொல்லிவிட்டாராம்: நாய் திரியிற வீட்டில் ஐயர் கால் வைக்கமாட்டார், தாங்களும் கை நனைக்கமாட்டார்களாம். நாய்களைத் திருப்பிக் கொடுத்து வீட்டைக் கழுவிவிட்டால் வருவார்களாம்.

"நாயோ சனமோ எண்டு யோசியுங்கோ அம்மா."

என்னத்தை யோசிக்கிறது? குடிக்கவே தண்ணியில்லை, வீடு கழுவட்டாம்! வைரவருக்கு வடைமாலை சாத்துற மனிசன் அண்ணை. வைரவரின்ரை வாகனம் என்னவாம்?

ஃபோனை வைத்தபிறகு அழுதேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

12 யூலை
கொடுக்கமாட்டேன்.

20 யூலை
"காப்பகத்தோடை கதைச்சிட்டன் அம்மா. சனிக்கிழமை வந்து ஏத்திறன்."

"வா. என்னையும் சேர்த்து ஏத்திக்கொண்டு போய் அங்கையே விடு."

22 யூலை
வரவில்லை. நல்லது.

29 யூலை
ஐயரில்லை. முழுகினேன், சமைத்தேன், நானே தேவாரம் படித்து இவரின் படத்துக்குப் படைத்தேன். கறுவல் பக்கத்தில் படுத்திருந்தது. படையலில் வாய் வைக்கவில்லை. வைத்திருந்தாலும் இவர் சிரித்திருப்பார்.

மத்தியானம் சயனின் கார். பின்னாலிருந்து அண்ணை இறங்கினார்! "தம்பியின்ரை திவசம், வராமல் இருக்கேலாமல் போச்சு" என்றார். ஆனால் வாசலைத் தாண்டவில்லை. "உதுகளைப் பிடிச்சு வெளியிலை கட்டு பிள்ளை."

"இது அவையின்ரை வீடு அண்ணை. நீங்கள் வெளியிலை இருங்கோ, சாப்பாடு கொண்டுவாறன்."

சயனின் முகம் செத்துப்போனது. நான் முற்றத்தில் கதிரையைப் போட்டேன். பொட்டு நிழலில்லை, கொளுத்துகிற வெயில். கொஞ்ச நேரம் வீம்புக்கு இருந்து பார்த்தார். பிறகு வேர்த்து வடிய, சாப்பாட்டுக் கோப்பையும் கையுமாக உள்ளே வந்துவிட்டார். காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். மேசைக்கடியில் கறுவல். இரண்டு பேரில் யாருக்குக் கூடப் பயமென்று தெரியவில்லை.

கத்தரிக்காய்ப் பால்கறி இன்னொருக்கால் கேட்டு வாங்கினார்.

6 ஓகஸ்ட்
அண்ணை ஃபோன். சுகம் விசாரித்தார். சும்மா இருமினார்.

"அந்தக் கறுவல்... அவன் இப்பவும் மேசைக்கடியிலையோ?"

"ஓம் அண்ணை."

"அடுத்தமுறை வரேக்கை அவனுக்கு என்ன கொண்டுவாறது?"

"எலும்பெண்டால் விருப்பம்."

திரும்பவும் இருமினார்.

"நான் சைவக்காரன் பிள்ளை. எலும்பை எந்தக் கடையிலை, என்னெண்டு கேக்கிறது?"