மூன்றாவது வாக்கு

டொராண்டோ

அன்புள்ள தங்கச்சி சொர்ணத்திற்கு,

நாங்கள் சுகம். உன் முழங்கால் நோவு எப்படி? உன் மனிசனின் செத்தவீட்டுக்கே ஒரு வரி எழுதாத அக்காதான் எழுதுகிறேன்.

மகன் சுதன் பெற்றோல் கடை வைத்திருக்கும் அமெரிக்கச் சிற்றூருக்குத் தேர்தல் நேரம் போயிருந்தேன். ஊரே ஒரு கட்சி. இவன் மட்டும் மற்றக் கட்சியின் பலகையை முற்றத்தில் நட்டான். தேர்தலுக்கு முதல்நாள் முன்வீட்டு றோய் பேஸ்போல் மட்டையால் பலகையை நொறுக்கினான். தடுக்கப் போன சுதனின் வலக்கையையும் முறித்தான். எலும்பு வெளியே தெரிந்தது. பயப்படாதே, பொருந்தி வருகிறது. றோயைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது.

"உதுகளை மனசில வச்சிருக்காதேங்கோ, அம்மா" என்றான் சுதன். நான் மறக்கிற ஆளா?

முடிவு வந்தபோது, தொண்ணூறு பேர் போட்டதில் இவன் கட்சிக்கு மூன்றே வாக்கு. "நானும் மனிசியும் ரெண்டு. மற்றது ஆர், அம்மா?" என்று சிரித்தான். அன்று பின்னேரம் றோயின் பெண்சாதி கேக் கொண்டு வந்தாள். கன்னம் இன்னும் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. மூன்று விரலைக் காட்டி, மூன்றாவதைத் தன் நெஞ்சில் வைத்தாள்.

அந்தக் காலம் நம் ஊர்க் கிராமசபைத் தேர்தலில் என் மனிசனுக்கும் மூன்று வாக்குத்தான். தன் கட்சியை எதிர்த்துத் தேர்தல் கேட்டவர் என்று உன் மனிசன் உலக்கையால் அவர் கையை முறித்தான். அந்தக் கிழமை உன் கன்னமும் வீங்கியிருந்தது. பல்வலி என்றாய், நம்பினேன். ஐம்பது வருசம் உன்னோடு பேசவில்லை.

மூன்றாவது நீயா, சொர்ணம்?

எனக்குப் பனங்கிழங்கு ஒடியல் மா அனுப்பு. எழுத உன் பெடியள் விடாவிட்டால் மாவுக்குள் அவித்துக் காயவைத்த கிழங்கு, புழுக்கொடியல், மூன்று துண்டு வை. விளங்கிக்கொள்வேன்.

மகள் வேலைக்கு இறங்குகிறாள், தபாலில் போட இதை அவள் கையில் கொடுக்க வேண்டும்.

அக்கா
இரத்தினம்